லைன் வரும் நேரத்துக்குள்: தீவகத்திலிருந்து மின்னஞ்சலைச் சேர்த்து அனுப்பும் முறை

யாழ்ப்பாணத்தை அடுத்த தீவகத்தில் கணினியில் வேலை செய்பவருக்கு வேண்டிய முதல் பழக்கம், இணைப்பு இல்லாத வேளையில் கடிதம் எழுதுவது. மோடம் கீச்சிட்டு ஓய்ந்து, திரையில் 'இணைக்கப்பட்டது' என்று வந்த பிறகு எழுதத் தொடங்குபவருக்குப் பாதிக் கடிதத்திலேயே லைன் அறுந்துபோகும். எழுதியதும் போகும், அழைப்புக் கட்டணமும் ஏறும். முன்கூட்டியே எழுதி வரிசையில் வைத்திருப்பவருக்கு அதே லைன் மூன்று நிமிடம் நின்றாலே போதும்.

இந்த அத்தியாயம் ஒரு கணினியையும் ஒரு தொலைபேசி இணைப்பையும் வைத்து ஊர்வேலை பார்ப்பவர்களுக்கானது: பாடசாலை அலுவலகம், கூட்டுறவுச் சங்கம், கோயில் பரிபாலன சபை, சனசமூக நிலையம். தீவகத்துக் குடும்பங்களில் பலவற்றுக்கு ரொறன்ரோவிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் லண்டனிலும் ஆள்கள் இருக்கிறார்கள். வாசிகசாலைக்குக் கூரை போடக் காசு அனுப்பிய பழைய மாணவர் சங்கம் வரவு செலவுக் கணக்கை எதிர்பார்க்கிறது. வலயக் கல்வி அலுவலகம் மாணவர் விவரத்தை இன்ன திகதிக்குள் அனுப்பச் சொல்கிறது. நிமிடக் கணக்கில் போகவேண்டிய செய்திகள் அல்ல இவை. ஆனால் போய்ச் சேர்ந்தே ஆகவேண்டியவை. டயல்-அப் மறைந்து கைப்பேசிச் சிக்னல் வந்த இடங்களிலும், முற்றத்தின் ஒரு மூலையில் மட்டும் பிடிபடும் சிக்னலில் மடிக்கணினியைப் பொருத்துபவருக்கு இங்குள்ள விதிகள் அப்படியே பொருந்தும்.

கடலும் கரண்டும்

மண்டைதீவும் வேலணையும் புங்குடுதீவும் பண்ணைத் தாம்போதி வழியே யாழ்ப்பாண நகரத்தோடு தரைவழியாக இணைந்தவை. ஊர்காவற்றுறையும் வேலணைத் தீவிலேயே இருக்கிறது. புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையோடு ரோட்டு முடிந்துவிடும். அங்கிருந்து நயினாதீவுக்குக் கொஞ்ச நேரப் படகுப் பயணம், நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் அளவில். காற்றுப் பலமானால் படகு ஓடாது.

மின்சாரமும் இப்படித்தான். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்தொகுதியோடு சேராமல் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியே காலம் தள்ளியவை. இந்திய நிதியுதவியோடு சூரிய ஒளி, காற்று, மின்கலம் சேர்ந்த கலப்பு மின்திட்டத்தை இம்மூன்று தீவுகளிலும் அமைக்கும் ஒப்பந்தம் 2024 மார்ச்சில்தான் கைச்சாத்தானது.

ஆக, தீவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வெளியேறக் கரண்ட் வேண்டும், லைன் வேண்டும், இயக்கத் தெரிந்த ஆள் வேண்டும். மூன்றும் ஒரே வேளையில் கூடுவது அரிது. எழுதும் ஆள் பகலில் எழுதிவிட்டுப் போகலாம்; லைன் இரவில் வரலாம். இரண்டையும் பிரித்து வைப்பதுதான் வரிசையின் வேலை.

சேர்த்து வைத்து அனுப்பும் முறை இலங்கைக்குப் புதிதல்ல. நெடுந்தீவில் ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு ஒன்று இன்றும் நிற்கிறது. செய்தி கொண்டுபோகப் புறா வளர்த்த இடம் என்று ஊரவர் சொல்வார்கள். கணினிக் காலத்தில், 1990இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அபய இந்துருவவின் முயற்சியில் உருவான லேர்ன்மெயில் சேவையும் இவ்வழியில்தான் நடந்தது. நாட்டில் எப்போதும் திறந்திருக்கும் இணைய இணைப்பு அப்போது கிடையாது. எழுதிய கடிதங்கள் கணினியில் சேரும். தொலைபேசி அழைப்பு எடுக்கும்போது ஒரே கட்டாகப் போகும், வரவேண்டியவை ஒரே கட்டாக வரும். 1990களில் பெரும்பாலான காலம் யாழ். குடாநாட்டில் சாதாரணத் தொலைபேசி அழைப்புக்கே வழி இருக்கவில்லை. 2002 பெப்ரவரிப் போர்நிறுத்தத்துக்குப் பிறகு லைன் திரும்பியபோது, மற்ற ஊர்கள் பத்து வருடத்தில் படிப்படியாகக் கற்றதை வடக்கு ஒன்றிரண்டு வருடத்தில் கற்க வேண்டியிருந்தது.

கடிதம் இப்போது யார் பொறுப்பில்?

"தம்பி, என்ர கடிதம் போட்டுதோ?"

"வரிசையில நிக்குது ஐயா. லைன் வந்தாத்தான் போகும்."

சனசமூக நிலையத்தில் கணினி பார்ப்பவர் எவரும் இந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு, கணினிகள் கடிதத்தைக் கைமாற்றும் விதம் தெரிய வேண்டும். அவை பேசும் மொழிக்கு எஸ்எம்டிபி என்று பெயர். ஜொனதன் போஸ்ரல் 1982 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 821 என்ற ஆவணமாக அதை எழுதி வைத்தார். பிறகு பல திருத்தங்கள் வந்தன. உரையாடலின் எலும்புக்கூடு மாறவில்லை.

தீவிலுள்ள கணினி அஞ்சல் சேர்வரைத் தொட்டதும் சேர்வர் 220 என்ற எண்ணோடு வரவேற்கும். அனுப்புபவரின் முகவரியைச் சொன்னால் 250 என்று வரும். சரி என்று பொருள். பெறுபவரின் முகவரிக்கும் 250. 'கடிதத்தைத் தருகிறேன்' என்றால் 354 வரும். 'தா, முடிந்ததும் புள்ளி வை' என்று பொருள். பிறகு கடிதம் வரிவரியாகப் போகும். கடைசியில் ஒரு வரியில் ஒற்றைப் புள்ளி. அந்தப் புள்ளிக்கு மறுமொழியாக வரும் 250தான் எல்லாவற்றிலும் பெரியது. அது வந்த கணத்தில் கடிதத்தின் பொறுப்பு சேர்வருக்கு மாறிவிடுகிறது. துறையில் பொதியை ஏற்றிவிட்டு ரசீது கைக்கு வரும்வரை நிற்பதைப் போல, அந்த 250 வரும்வரை தீவிலுள்ள கணினி தன் பிரதியை அழிக்காமல் வைத்திருக்கும்.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன. தீவகத்து அனுபவத்தில் பாதித் தலையிடி இவற்றால்தான்.

முதலாவது, பாதியில் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி நடைமுறையில் கிடையாது. பெரிய கடிதமொன்றில் பத்தில் ஒன்பது பங்கு ஏறி முடிந்த பிறகு லைன் அறுந்தாலும், அடுத்த அழைப்பில் முதல் எழுத்திலிருந்துதான் தொடங்கும். விட்ட இடத்தில் தொடர ஒரு முறையை ஆர்எஃப்சி 1845 என்று 1995இல் எழுதிப் பார்த்தார்கள். அது பரவவில்லை. ஆகவே, ஒரு தனிக் கடிதம் லைன் நிற்கும் நேரத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். கட்டாயமான கணக்கு இது.

இரண்டாவது, புள்ளி போய்ச் சேர்ந்து, 250 திரும்பி வருவதற்குள் லைன் அறுந்தால் கடிதம் இரண்டு தடவை போகும். சேர்வர் பெற்றுக்கொண்டுவிட்டது, தீவிலுள்ள கணினிக்கு அது தெரியாது, அடுத்த முறை மறுபடி அனுப்பும். கிரெய்க் பார்ட்ரிட்ஜ் இந்தச் சிக்கலை 1988 பெப்ரவரியிலேயே ஆர்எஃப்சி 1047இல் விளக்கியிருக்கிறார். ரொறன்ரோவில் இருக்கும் பொருளாளர் 'கணக்கறிக்கை இரண்டு வந்திருக்கிறது, எது சரி?' என்று கேட்டால் யாரும் பிழைவிடவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று அவருக்குத் தெரிய, கடிதத்தின் முதல் வரியில் ஒரு தொடர் இலக்கமும் திகதியும் இட்டு வைப்பது நல்லது.

சேர்வர் மறுத்தால் எண் வேறாக இருக்கும். 4இல் தொடங்கும் எண் தற்காலிகத் தடை: 421 என்றால் சேர்வர் இப்போது இயலாமல் இருக்கிறது, 452 என்றால் அங்கே இடப் பற்றாக்குறை. கடிதத்தை வரிசையிலேயே விட்டுவிடலாம், அடுத்த அழைப்பில் போகும். 5இல் தொடங்குவது நிரந்தர மறுப்பு: 550 என்றால் பெரும்பாலும் அப்படி ஒரு முகவரி இல்லை, 552 என்றால் அளவு மீறிவிட்டது. இதை எத்தனை தரம் அனுப்பினாலும் போகாது. முகவரியைத் திருத்த வேண்டும், அல்லது இணைப்பைச் சுருக்க வேண்டும்.

எனவே ஐயாவுக்குச் சொல்லக்கூடிய பதில்கள் மூன்று: வரிசையில் நிற்கிறது, சேர்வர் வாங்கிவிட்டது, சேர்வர் திருப்பிவிட்டது. 'அனுப்பு' பொத்தானை அழுத்தியாயிற்று என்பது பதிலல்ல.

வரிசையை எங்கே வைப்பது

வெப்மெயில் எனப்படும், உலாவிக்குள் எழுதும் முறை அறுந்தறுந்து வரும் லைனுக்கு உகந்ததல்ல. பக்கம் திறக்கவே படங்களும் நிரல்களும் இறங்க வேண்டும். எழுதியது கணினியில் தங்கும் என்ற நிச்சயமும் இல்லை. கணினியிலேயே நிறுவப்பட்ட அஞ்சல் மென்பொருள்தான் வேண்டும்.

விண்டோஸ் 98, எக்ஸ்பி காலத்து அவுட்லுக் எக்ஸ்பிரஸில் ஒரே ஒரு தெரிவை மாற்றினால் போதும்: 'உடனே அனுப்பு' என்ற பெட்டியின் சரி அடையாளத்தை எடுத்துவிட வேண்டும். அதன் பிறகு கடிதங்கள் அவுட்பொக்ஸில் சேரும். அனுப்பிப் பெற்றதும் தானாகவே லைனை வைத்துவிடும் தெரிவும் அதிலேயே உண்டு. அழைப்புக் கட்டணத்தை அது மிச்சப்படுத்தும். தண்டர்பேர்டில் 'பிறகு அனுப்பு' என்ற கட்டளை இருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், என்ரர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கடிதம் அவுட்பொக்ஸுக்குப் போகும். லைன் வந்ததும் 'அனுப்பாதவற்றை அனுப்பு' என்று கொடுக்க வேண்டும். கைப்பேசியிலுள்ள ஜிமெயில் செயலியும் சிக்னல் இல்லாதபோது கடிதத்தை இவ்வாறே அவுட்பொக்ஸில் வைத்துக்கொள்கிறது.

பாடசாலை ஒன்றில் நான்கைந்து கணினிகள் ஒரே லைனைப் பகிர்ந்தால், லினக்ஸ் கணினி ஒன்றை உள்ளூர்த் தபாலகமாக வைப்பது சிறந்தது. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற இலவச மென்பொருளுக்கு இதில் நல்ல பழக்கம் உண்டு. அதன் அமைப்புக் கோப்பில் இரண்டு விடயங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று, கடிதங்களை உலகெங்குமுள்ள சேர்வர்களுக்கு நேரே கொண்டுபோகாமல், இணையச் சேவை தருபவரின் ஒரே சேர்வரிடம் ஒப்படைப்பது. 'ரிலேஹோஸ்ட்' என்ற வரி இதற்கு. மற்றது, கேட்கும்வரை எதையும் அனுப்ப முயலாமல் ஒத்திவைப்பது. பிறகு டயல்-அப் இணைப்பு எழுந்தவுடன் தானாக ஓடும் 'ஐபி-அப்' ஸ்கிரிப்டில், வரிசையை முழுவதும் அனுப்பச் சொல்லும் கட்டளையைச் சேர்த்துவிட்டால், லைன் வரும் நேரத்தில் அங்கே ஆள் இருக்கவேண்டிய தேவையே இல்லை.

சேர்வரிடம் ஒப்படைக்கும் வாசல் எண்ணையும் கவனிக்க வேண்டும். 25 என்ற பழைய வாசல் சேர்வர்கள் தமக்குள் பேசுவதற்கு. டயல்-அப் முகவரிகளிலிருந்து அதில் வருவதைப் பல சேர்வர்கள் குப்பை அஞ்சலாகக் கருதி மறுத்துவிடும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையும் 587 என்ற வாசல் 1998 டிசம்பரில் இதற்கென்றே வகுக்கப்பட்டது. அதையே பயன்படுத்த வேண்டும்.

எதை முதலில் ஏற்றுவது

56 கே மோடம் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் அந்த வேகம் இறக்கத்துக்குத்தான். வி.90 தரத்தில் ஏற்றத்தின் உச்சம் நொடிக்கு 33.6 கிலோபிட், அதாவது 4.2 கிலோபைட். உப்புக்காற்றில் கறள் பிடித்த மூட்டுகளும் இரைச்சலும் உள்ள லைனில் 14.4 கிலோபிட்டுக்கு இறங்கினால் நொடிக்கு 1.8 கிலோபைட். தீவில் கணக்கை 1.8இல் போடுவதுதான் பாதுகாப்பு.

இனித் தமிழ்க் கடிதத்தின் எடை. யூனிகோடு யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்தின் ஒவ்வோர் உருவும் மூன்று பைட். கொம்பும் விசிறியும் புள்ளியும் தனித்தனி உருக்களாகவே எண்ணப்படும். 'நெடுந்தீவு' என்ற சொல்லில் பத்து உருக்கள், எனவே 30 பைட். மின்னஞ்சலில் ஏற்ற அதைப் பேஸ்64 என்ற முறையில் மாற்றினால் 40 பைட் ஆகும். கோட்டட்-பிரிண்டபிள் என்ற மற்ற முறையில் மாற்றினால் அதே சொல் 90 பைட். ஆங்கிலக் கடிதத்துக்கு உகந்த அந்த இரண்டாவது முறை தமிழை இரண்டு மடங்குக்கு மேல் ஊதிவிடுகிறது. மென்பொருளில் தெரிவு இருந்தால் தமிழுக்குப் பேஸ்64தான்.

எழுத்துருவைப் பற்றியும் ஒரு சொல். பாமினி எழுத்துருவில் தட்டிய கடிதம் அளவில் மூன்றிலொரு பங்குதான். ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். பேரப்பிள்ளையின் கைப்பேசியில் திறக்கப்போகும் கடிதத்தை யூனிகோட்டில் எழுதுவதே முறை. 1,600 உருக்கள் கொண்ட ஒரு பக்கக் கடிதம், தலைப்புகள் உட்பட ஏறக்குறைய 8 கிலோபைட், 1.8 வேகத்தில் ஐந்து நொடிக்குள் ஏறிவிடும். இதில் சிக்கனம் பிடிக்கத் தேவையில்லை.

சிக்கனம் வேண்டியது படத்தில்தான். கைப்பேசியில் எடுத்த 3 மெகாபைட் படம், பேஸ்64 மாற்றத்தால் மூன்றிலொரு பங்குக்குமேல் வீங்கி, 1.8 வேகத்தில் 39 நிமிடம் கேட்கும். அதே படத்தின் அகலத்தை 1,024 புள்ளிகளாகக் குறைத்து 180 கிலோபைட்டில் சேமித்தால் இரண்டேகால் நிமிடம். புதுக் கூரையின் ஓடு எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க அந்த அளவே தாராளம். கையொப்பமிட்ட கடிதத்தை வருடும்போது நிறம் வேண்டாம். கறுப்பு வெள்ளையே போதும். கணக்கறிக்கையைப் படமாக எடுத்து அனுப்புவதைவிட, தொகைகளைக் கடிதத்திலேயே வரிவரியாகத் தட்டுவது சிறிது, தெளிவும் கூட.

சிறு படத்தால் பெரிய காரியம் நடந்ததற்கு மதுரை மாவட்டத்து மேலூர்ப் பகுதி சாட்சி. சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கோர்டெக்ட் கம்பியில்லாத் தொலைபேசி முறையில், நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேகத்தில், 2001இலிருந்து அங்கே கிராம இணைய நிலையங்கள் நடந்தன. நிலையத்தை நடத்துபவர் வெப்கேமில் நோயாளியின் கண்ணைப் படமெடுத்து, குறிப்போடு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு மின்னஞ்சல் செய்வார். மருத்துவர் பார்த்து, ஆஸ்பத்திரிக்கு வரவேண்டுமா என்று பதில் எழுதுவார். அந்த நேரத்தில் இருவரும் ஒரே லைனில் இருக்கவேண்டிய அவசியம் இல்லை. ஊர்காவற்றுறையிலோ நெடுந்தீவிலோ அதே வேலைக்கு அதே அளவு படம் போதும்.

வரிசை ஒழுங்குக்கு ஒரு விதி: சிறியதும் அவசரமானதும் முன்னே, பெரியது கடைசியில். அஞ்சல் மென்பொருள் பல, வரிசையில் முன்னே நிற்பதைத்தான் முதலில் எடுக்கும். ஒரு பெரிய படம் முன்னே நின்றால், அழைப்புக்கு அழைப்பு அதுவே லைனைத் தின்று பாதியில் விழும். பின்னால் நிற்கும் இருபது சிறு கடிதங்களும் நாள்கணக்கில் நகராது. எனவே பெரிய இணைப்புள்ளதை அவுட்பொக்ஸில் போடாமல் வரைவுகளில் வைத்து, மற்றவை போய் முடிந்த பிறகு நகர்த்த வேண்டும்.

அறுபது பேருக்கு ஒரே கடிதம் என்றால், அதை அறுபது தரம் அனுப்பக் கூடாது. ஒரே கடிதத்தில் அறுபது முகவரிகளையும் மறைபிரதிப் பெட்டியில் இட்டால், உடல் ஒரு முறைதான் லைனில் ஏறும். பங்கிடுவது சேர்வரின் வேலை. ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாமலும் இருக்கும். ஒரு கடிதத்துக்கு 100 முகவரிகளாவது ஏற்கவேண்டும் என்பது எஸ்எம்டிபியின் விதி. சில சேவைகள் குப்பை அஞ்சலுக்கு அஞ்சி அதற்கும் கீழே வரம்பு வைப்பதுண்டு. மறுத்தால் பட்டியலை இரண்டாகப் பிரிக்கலாம்.

லைனைப் பிடித்து வைத்திருத்தல்

வேகத்துக்கு ஆசைப்படுவது தீவு லைனில் தோல்விக்கு வழி. மோடத்தை அதன் உச்ச வேகத்துக்கு விட்டால், இரைச்சல் வரும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி மறுபடி சுருதி கூட்டும். சில வேளை அறுந்தே போகும். வேக வரம்பை 14.4 கிலோபிட்டில் கட்டிவைத்தால் அநேகமாக அசையாமல் நிற்கும். நொடிக்கு 1.8 கிலோபைட் வேகத்தில் பத்து நிமிடம் அறாமல் நின்றால் ஒரு மெகாபைட்டுக்கு மேல் ஏற்றலாம்.

மோடத்துக்குள் எஸ்10 என்றொரு இலக்கப் பெட்டி உண்டு. எதிர்முனைச் சத்தம் இல்லாமல் போன பிறகு எவ்வளவு நேரம் பொறுத்து லைனை வைப்பது என்பதை அது தீர்மானிக்கிறது. அளவு, பத்தில் ஒரு நொடி. வழமையாக 14, அதாவது 1.4 நொடி. அதை 50 ஆக்கினால் ஐந்து நொடிவரை வரும் சிறு இடைவெளியை மோடம் தாங்கிக்கொள்ளும்.

காத்திருப்பு அழைப்பு வசதி இருந்தால் டயல் செய்யுமுன் நிறுத்திவிட வேண்டும். நடுவில் ஒலிக்கும் அந்தச் சிறு மணி மோடத்தின் பேச்சைக் கெடுத்துவிடும். அதே லைனில் இன்னொரு தொலைபேசி இருந்தால் அதன்மேல் 'எடுக்க வேண்டாம்' என்று ஒரு கடுதாசியை ஒட்டலாம். சுவரிலுள்ள இணைப்புப் பொருத்தியை மாதத்துக்கு ஒரு தரம் கழற்றித் துடைப்பது, கடற்கரைக் கட்டடத்தில் அவசியமான வேலை. மேசைக் கணினியானால் கணினிக்கும் மோடத்துக்கும் ஒரே யூபிஎஸ்ஸிலிருந்து கரண்ட் கொடுக்க வேண்டும். கணினி மட்டும் உயிரோடிருந்து மோடம் அணைந்தால் பயனில்லை.

கணினியின் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். தாய்ப்பலகையிலுள்ள பொத்தான் பற்றரி செத்துப்போன பழைய கணினி, கரண்ட் போய் வந்ததும் பழைய வருடத்துக்குத் திரும்பிவிடும். அந்தத் திகதியோடு போகும் கடிதம், பெறுபவரின் பெட்டியில் பல வருடக் கடிதங்களுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். பழைய விண்டோஸ் கணினிகளில் நேர வலயமும் பிழையாக இருக்கலாம். இலங்கை 1996இல் கடிகாரத்தை முன்னே தள்ளி, 2006 ஏப்ரலில்தான் கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியதாக மீண்டும் மாற்றியது.

ஓர் அழைப்பின் ஆறு நிமிடம்

நெடுந்தீவில் ஒரு பாடசாலை அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். அவுட்பொக்ஸில் பன்னிரண்டு தமிழ்க் கடிதங்கள், வரைவுகளில் 180 கிலோபைட் படத்தோடு ஒன்று. லைன் 14.4 கிலோபிட்.

டயல் செய்து, மோடங்கள் கைகொடுத்து, கடவுச்சொல் சரிபார்த்து முடிய ஏறக்குறைய 40 நொடி. பன்னிரண்டு கடிதங்களும் சேர்ந்து 96 கிலோபைட். ஏற 53 நொடி. ஒவ்வொரு கடிதத்துக்கும் நாலைந்து கேள்வி பதில் உண்டு என்பதால் இன்னும் 20 நொடி சேர்க்கலாம். இரண்டு நிமிடம் ஆகுமுன் எல்லாச் சிறு கடிதங்களும் ஒப்படைக்கப்பட்டுவிடும். இப்போது வரைவிலிருந்த படக் கடிதத்தை அவுட்பொக்ஸுக்கு நகர்த்த வேண்டும். அது இரண்டேகால் நிமிடம். மீதி இரண்டு நிமிடம் வரும் அஞ்சலுக்கு.

நான்காவது நிமிடத்தில் லைன் அறுந்தாலும் இழப்பு அந்த ஒரு படம் மட்டுமே. பன்னிரண்டும் போய்விட்டன. ஒழுங்கைத் தலைகீழாக வைத்திருந்தால் படம் முதலில் ஏறி, சிறு கடிதங்களுக்கு ஒரு நிமிடம்தான் மிஞ்சியிருக்கும்.

இந்த ஆறு நிமிடத்தில் விண்டோஸின் தானியங்கிப் புதுப்பிப்பும் வைரஸ் தடுப்பு மென்பொருளின் இறக்கமும் குறுக்கே வரக் கூடாது. இரண்டையும் கைமுறைக்கு மாற்றிவைத்து, யாழ்ப்பாண நகரத்திலிருந்து பென் டிரைவில் கொண்டுவந்து நிறுவலாம்.

வரும் அஞ்சல் வழியை அடைத்தால்

அனுப்புவது முதலில், பெறுவது பிறகு. வெளிநாட்டுச் சொந்தக்காரர் ஒருவர் கலியாண வீட்டுப் படங்கள் பத்தை ஒரே கடிதத்தில் அனுப்பிவிட்டால், அது இறங்கும்வரை வேறெதுவும் நடக்காது. தண்டர்பேர்டில் '50 கிலோபைட்டுக்கு மேற்பட்டதை இறக்க வேண்டாம்' என்று வைக்கலாம். தலைப்பும் தொடக்க வரிகளும் மட்டும் வரும். வேண்டுமென்றால் மிச்சத்தைக் கேட்டு எடுக்கலாம்.

பாப்3 முறையில் அஞ்சல் எடுப்பவர் அறியவேண்டியது இன்னொன்று. சேர்வரிலிருந்து அழிக்கும் வேலை, உரையாடல் முறைப்படி முடிந்து விடைபெறும்போதுதான் நடக்கிறது. நடுவில் லைன் அறுந்தால் எதுவும் அழியாது. கடிதம் தொலையாது என்பது நல்ல செய்தி. அதே கடிதங்கள் மறுபடி இறங்கக்கூடும் என்பது அதனோடு வரும் தொந்தரவு. 'சேர்வரில் பிரதியை விட்டுவை' என்ற தெரிவோடு ஒவ்வொரு கடிதத்தின் தனி அடையாளத்தையும் நினைவில் வைக்கும் மென்பொருளானால் இந்தத் தொந்தரவு பெரிதும் குறையும்.

ஐந்து நாள் லைன் இல்லையென்றால்

எஸ்எம்டிபியின் வழக்கப்படி, போகாத கடிதத்தை நாலைந்து நாள் முயன்று பார்த்துவிட்டு அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார்கள். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான எல்லையும் ஐந்து நாள். மழைக்காலத்தில் ஒரு வாரம் லைன் செத்துக் கிடக்கும் தீவில் இது போதாது. பத்து நாளாக நீட்டிவைக்க வேண்டும். கூடவே, ஒரு நாள் கடந்தும் போகாதவற்றைப் பற்றி எழுதியவருக்கு அறிவிக்கும் தெரிவையும் இயக்க வேண்டும். அந்த அறிவிப்பு உள்ளூர்க் கணினிக்குள்ளேயே நடப்பதால் லைன் தேவைப்படாது.

அதற்குமேல் பொறுக்க முடியாத கடிதங்கள் இருந்தால் வரிசையையே படகில் ஏற்றலாம். கம்போடியாவின் ரத்தனகிரி மாகாணத்தில் 2003இல் இதைப் பெரிய அளவில் செய்தார்கள். மோட்டார் சைக்கிளில் பொருத்திய சிறு கருவி, பாடசாலை பாடசாலையாகப் போய்க் கம்பியில்லாமல் கடிதங்களை வாங்கிக்கொண்டு, பன்லுங் நகரிலுள்ள செய்மதி இணைப்பில் கொட்டிவிட்டு வரும். தீவகத்தில் அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு பென் டிரைவும், யாழ்ப்பாண நகரத்தில் நம்பிக்கையான ஒருவரும் போதும்.

செய்முறை இது. அவுட்பொக்ஸிலுள்ள ஒவ்வொரு கடிதத்தையும் ஈஎம்எல் கோப்பாகச் சேமித்துப் பென் டிரைவில் இட வேண்டும். தனிப்பட்ட கடிதங்கள் இருந்தால் எல்லாவற்றையும் கடவுச்சொல்லோடு சிப் கோப்பாகக் கட்டி, கடவுச்சொல்லைத் தனியே சொல்ல வேண்டும். நகரத்தில் இருப்பவர் அவற்றைத் தண்டர்பேர்டில் திறந்து, 'புதிய கடிதமாகத் திருத்து' என்று கொடுத்து, பாடசாலையின் கணக்கிலிருந்தே அனுப்பலாம். இதற்கிடையில் தீவிலுள்ள கணினியில் அந்தக் கடிதங்களை அவுட்பொக்ஸில் விட்டுவைக்கக் கூடாது. மறுநாள் லைன் வந்தால் அவை இரண்டாம் முறையும் போய்விடும். 'படகில் போனவை' என்று ஒரு கோப்புறை திறந்து அதற்குள் நகர்த்தி, கொண்டுபோனவரின் பெயரையும் திகதியையும் பதிவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். நகரத்திலிருந்து 'இத்தனை போயிற்று, இன்னின்னது திரும்பிற்று' என்ற குறிப்புப் பென் டிரைவோடு வந்த பிறகு, திரும்பியவற்றின் முகவரியைத் திருத்தி, அவற்றை மட்டும் மறுபடி அவுட்பொக்ஸில் சேர்க்கலாம்.